எங்கள் வீட்டு வைர வியாபாரி

"அப்பா, நான் வைரம் வாங்கிட்டேன்!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த நேரத்தில் என் ஒன்பது வயது வாரிசு இப்படி அறிவித்தான். பன்னிரண்டு வருஷமாக வைர மூக்குத்தி கேட்டுக்கொண்டிருக்கும் என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

வாங்கியது செல்போன் விளையாட்டுக்குள். ஒரு பெட்டி வைரம் 799 ரூபாய். மூன்று பெட்டி! யுபிஐ ரகசிய எண்? எங்கள் கல்யாண வருஷம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் அடிக்கடி மறக்கும். ஆக மொத்தம் 2,397 ரூபாய். அம்மாவின் மாத்திரைக்காக ஒதுக்கி வைத்திருந்த பணம்.

இதில் மூன்றாவது பெட்டிக்குப் பணம் போய்விட்டது, வைரம் வரவில்லை. பையன் அழுதது அதற்குத்தான்!

கீழ் போர்ஷனில் ஆப் எழுதிப் பிழைக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவரிடம் ஓடினேன்.

"சார், கேம்காரன் நேரா உங்ககிட்ட காசு வாங்கலை. ஸ்டோர்தான் வாங்குது. ஓட்டல்ல கல்லாவுல பணம் கட்டி, டோக்கனை காபி மாஸ்டர்கிட்ட நீட்டறோமில்லையா, அதே கதை. அது நிஜ டோக்கனா, ஏற்கெனவே காபி குடிச்ச டோக்கனான்னு கேம் கம்பெனியோட கம்ப்யூட்டர் பார்த்துட்டு வைரத்தைத் தரும். நடுவுல நெட் போச்சுன்னா டோக்கன் இருக்கும், காபி வராது."

"அப்ப என் பணம்?"

"டோக்கன் கிடைச்சுதுன்னு மூணு நாளைக்குள்ள கேம் பதில் சொல்லலைன்னா, கூகுள் ப்ளேல பணம் தானா திரும்பிடும் சார்."

நாலாம் நாள் 799 வந்துவிட்டது. மற்ற இரண்டு பெட்டியையும் கொடுத்து ஒரு டிராகனுக்கு இறக்கை வாங்கி மாட்டியாச்சு. அதைத் திருப்பிக் கேட்க எனக்கே மனசு வரவில்லை. ரகசிய எண்ணைத் தட்டியது எங்கள் வீட்டு விரல்தானே!

தம்பிக்கும் ஒரு புலம்பல் இருந்தது. "நூறு ரூபாய்க்கு கல்லாக்காரர் முப்பது எடுத்துக்கிட்டிருந்தார். சின்ன கம்பெனிக்கு அது பதினஞ்சானது 2021-லதான். அதே வருஷம் அக்டோபர்ல ரிசர்வ் வங்கி விதி வந்துது. மாசச் சந்தா எடுக்க 24 மணி நேரம் முன்னாடியே தகவல் சொல்லணும், 5,000 ரூபாய்க்கு மேல போனா ஒவ்வொரு தடவையும் ஓடிபி. அந்த வரம்பு 2022-ல 15,000 ஆச்சு. ஆனா கார்டுல தானா ஓடிக்கிட்டிருந்த பழைய சந்தா நிறைய நின்னுபோச்சு. 2022-ல ஆப்பிள் தன் ஸ்டோர்ல இந்திய கார்டு வாங்கறதையே நிறுத்திடுச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் பத்து பேர் எழுந்து போயிடறாங்க சார்!"

"போகட்டுமே!" என்றாள் கூடவே வந்திருந்த என் மனைவி.

அவள் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆப்பிள் போனில் ஒருதரம் பாஸ்வேர்டு போட்டால் அடுத்த 15 நிமிஷம் கேள்வியே கிடையாது என்றிருந்தது. அந்தக் கால் மணியில் குழந்தைகள் வாங்கித் தள்ளிவிட்டார்கள். 2014-ல் பெற்றோர்களுக்குக் குறைந்தது மூன்றேகால் கோடி டாலர் திருப்பித் தர ஆப்பிள் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

தம்பி தலையைச் சொறிந்தார். "அக்கா, உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா நான் கடையை மூட வேண்டியதுதான்."

அன்று ராத்திரியே ரகசிய எண்ணை அவள் மாற்றிவிட்டாள். மறுநாள் மாத்திரை வாங்க மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டு போன் செய்தேன்.

"புது நம்பர் என்ன?"

"மூக்குத்தி வரட்டும், சொல்றேன்."