பொன் தேடியவர் கண்ட பீங்கான்

பொன் விளிம்பும் வண்ண மலர்களும் இலங்கும் பழைய ஐரோப்பியப் பீங்கான் கிண்ணங்களின் அழகில் நாம் மயங்குகிறோம். அவற்றின் தொடக்கத்தில் ஒரு கைதியின் கதை உண்டென்பதை நம்மில் பலர் அறியோம்.

யோஹான் பிரெட்ரிக் பொட்கர் என்னும் செருமானிய இளைஞர், தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்க வல்லவர் எனப் பெயர் பெற்றிருந்தார். 1701-இல் அவரைச் சாக்சனியின் அதிபதி அகுஸ்துஸ் பிடித்துக் காவலில் வைத்தார். பொன் பிறக்கவில்லை. எனவே, சிர்ன்ஹவுஸ் என்னும் அறிஞரின் மேற்பார்வையில் களிமண் ஆய்வில் அவர் ஈடுபடுத்தப்பட்டார். 1708-இல் வெண்பீங்கான் உருவாயிற்று. சீனர் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்த கலை ஐரோப்பாவுக்கும் கைவந்தது. 1710-இல் மைசன் நகரின் கோட்டையில் ஆலை எழுந்தது. பொட்கருக்கோ 1714-இல்தான் விடுதலை கிட்டியது. 1719-இல், தமது 37-ஆம் வயதில், அவர் மறைந்தார்.

மறு ஆண்டு அங்கு வந்த ஹெரோல்ட் என்னும் ஓவியர் வண்ணக் கலையை வளர்த்தார். கிண்ணத்தை ஏறக்குறைய 1400 பாகை வெப்பத்தில் சுட்டு மெருகேற்றிய பின்னரே பொன்னும் பல வண்ணங்களும் தீட்டுவர். அவை அத்தகைய வெப்பத்தைத் தாங்கா. ஆதலின், தணிந்த சூட்டில் மீண்டும் சுடுவர். சூளையினின்று பொன் மங்கலாகவே வெளிவரும். அகேட் கல்லால் பொறுமையுடன் தேய்த்தால்தான் ஒளிரும்.

பொன்னை உண்டாக்க இயலாதவர் கண்ட வெண்பீங்கானே பின்னாளில் பொன்னைத் தாங்கியது. கிண்ணத்தின் எழிலை வியக்கும் நாம், அதற்காக ஒருவர் காவலில் கழித்த ஆண்டுகளையும் நினைவுகூர்வோமாக!