வெக்கையைத் தேடிப் போனவர்கள்

இன்று நாற்பது வயதுக்குள் இருக்கும் மாட்டு டாக்டர் யாரும் நம் நாட்டில் வெக்கை நோயைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. காய்ச்சல் கொதிக்கும், கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும். வாயைப் பிளந்து பார்த்தால் ஈறு நெடுகத் தவிடு தூவியதுபோல் இருக்கும். பிறகு நாற்றமடிக்கும் கழிச்சல். அது கண்டால் ஒரு வாரத்தில் தொழுவம் காலி.

தட்டம்மைக் கிருமிக்கு வெக்கைக் கிருமி பங்காளி. ஊரையே வாரிக்கொண்டு போனாலும் இதற்குச் சில பலவீனங்கள் உண்டு. வெயில் பட்டால் சீக்கிரம் செத்துவிடும். பிழைத்த மாட்டுக்கு ஆயுளுக்கும் மறுபடி வராது. முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் கிருமியை ஆடு மாற்றி ஆட்டுக்கு ஏற்றி வீரியத்தைக் குறைத்தார். நாட்டு மாடுகளுக்கு மலிவான தடுப்பூசி கிடைத்தது.

1954இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு எண்பது மாடுகளுக்கு ஊசி என்பது கணக்கு. நோய் வெகுவாகக் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை. வருடா வருடம் புதுக் கன்றுகள் பிறந்துகொண்டே இருந்தன. விடுபட்ட இருபதும் ஊருக்கு நாலாகச் சிதறி நிற்பவை அல்ல. சந்தைக்குச் சந்தை நடப்பவை, மேய்ச்சலுக்கு ஊர்விட்டு ஊர் போகும் கிடைகள். ஊசிக்காரர் வரும் நாளில் அவை ஊரில் இருக்காது. கிருமிக்கு அந்த இருபதே போதும்.

ஐரோப்பிய உதவியோடு 1992இல் வந்த அடுத்த திட்டத்தில்தான் அணுகுமுறை மாறியது. போட்ட ஊசிகளை எண்ணுவதைவிட நோயைத் தேடுவது முக்கியமானது. ஊர் ஊராகப் போய், வாய்ப்புண்ணும் கழிச்சலுமாக மாடு ஏதாவது செத்ததா என்று விசாரித்தார்கள். மாடுகள் நடக்கும் தடங்களில் தேடினார்கள். மருந்தகங்களின் தினப்பதிவேட்டைக்கூடப் புரட்டினார்கள். அதைவிடத் துணிச்சலான வேலை, ஊசியை நிறுத்துவது. ரத்தத்தில் தெரியும் எதிர்ப்பு ஊசியால் வந்ததா நோயால் வந்ததா என்று அன்றைய பரிசோதனை பிரித்துச் சொல்லாது. ஊசியை நிறுத்திய பின் பிறந்த கன்றின் ரத்தம்தான் உண்மையான சாட்சி.

இதில் ஒரு குழப்பமும் இருந்தது. ஆடுகளுக்கு வாய்ப்புண்ணும் கழிச்சலும் கண்டால் அதையும் வெக்கை என்றே எழுதிவந்தார்கள். 1987இல் விழுப்புரம் பக்கம் அரசூரில் வந்தது ஆட்டுக்கொல்லி என்ற வேறு நோய் என்று தெரிந்தது. நாட்டில் அதுவே முதல் பதிவு. இரண்டையும் பிரித்தறியாமல் வெக்கை ஒழிந்தது என்று எவரும் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது.

நாட்டின் கடைசி வெக்கை 1995இல் நம் வட ஆர்க்காட்டில் வந்தது. கிருமியே இல்லை என்ற சான்று 2006இல் கிடைத்தது. 2011இல் உலகமே விடுபட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றுதான்.

மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் கோமாரி நோயிடம் இந்த வித்தை அப்படியே பலிக்காது. நம் நாட்டிலேயே அதற்கு மூன்று வகைக் கிருமிகள். ஒன்றுக்கான தடுப்பு மற்றொன்றைத் தடுக்காது. ஊசியின் பலன் சில மாதங்களில் தேய்ந்துவிடும். குணமான மாட்டின் தொண்டையிலும் கிருமி ஒளிந்திருக்கும். அதனால்தான் 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. பன்னிரண்டு இலக்கம் பொறித்த மஞ்சள் வில்லையை மாட்டின் காதில் குத்தி அனுப்புவதும் அந்தக் கணக்குக்காகத்தான்.