இலவச விளையாட்டின் விலை என்ன?

"காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு தரமாக இருக்கும், இலவச விளையாட்டு காசு பிடுங்கும்." மின்விளையாட்டுகள் பற்றிப் பேச்சு வந்தால் என் பல்கலைக்கழக நண்பர்கள் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால், சிங்கப்பூரோடு தொடர்புடைய இரண்டு விளையாட்டுகளைப் பார்த்தாலே இந்தக் கணக்கு தப்பிவிடுகிறது.

ஒன்று, யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளை உருவாக்கிய 'ஸ்கல் அண்ட் போன்ஸ்'. 2017ல் அறிவிக்கப்பட்ட இந்தக் கடற்கொள்ளையர் விளையாட்டு, பலமுறை தள்ளிப்போய் 2024 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. அப்போது விலை ஏறத்தாழ 70 அமெரிக்க டாலராக இருந்தது. அவ்வளவு கொடுத்து வாங்கிய பிறகும் உள்ளே ஒரு கடை இருந்தது. கப்பலை அழகுபடுத்தத் தனிக் காசு. விமர்சகர்களும் பெரிதாகப் பாராட்டவில்லை. நம் ஊரில் உருவானது என்பதற்காகவாவது பாராட்ட எனக்கு ஆசைதான்.

மற்றொன்று 'கென்ஷின் இம்பேக்ட்'. ஷாங்காயின் மிஹோயோ உருவாக்கி, சிங்கப்பூரின் காக்னோஸ்ஃபியர் நிறுவனம் வழியாக உலகச் சந்தைக்கு வரும் விளையாட்டு. 2020 செப்டம்பரில் வெளியானது. பதிவிறக்கம் இலவசம். காட்சியிலும் இசையிலும், கடையில் விலை கொடுத்து வாங்கும் பல விளையாட்டுகளை இது மிஞ்சிவிடும். ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமல் கதை முழுவதையும் விளையாடலாம்.

அப்படியென்றால் இலாபம் எங்கிருந்து வருகிறது? குலுக்கலிலிருந்து. ஒருமுறை குலுக்கினால் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் கிடைக்கும் வாய்ப்பு 0.6 விழுக்காடு. அதிர்ஷ்டமே இல்லாதவருக்கு 90வது குலுக்கலில் ஒன்று உறுதியாகக் கிடைக்கும். ஒரு குலுக்கலுக்கு 160 'பிரிமோஜெம்'; 90 குலுக்கலுக்கு 14,400. ஏறத்தாழ 100 அமெரிக்க டாலர் பொதியை வாங்கினால் வழக்கமாக 8,080தான் கிடைக்கும். ஆக, இலவசமாகச் சேர்த்தது எதுவும் கையில் இல்லையென்றால் கிட்டத்தட்ட 180 டாலர். அப்போதும் நாம் ஆசைப்பட்ட கதாபாத்திரம்தான் வரும் என்ற உறுதி இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எனக்கே கணிப்பான் தேவைப்பட்டது. என் ஆட்சேபமும் அதுதான். பணம் முதலில் படிகமாகிறது, படிகம் பிரிமோஜெம் ஆகிறது, பிரிமோஜெம் குலுக்கல் சீட்டாகிறது. மூன்று முறை உருமாறிய பிறகு, செலவழிப்பது பணம் என்பதே மறந்துவிடுகிறது. இந்த மாற்றுமுறை குழப்பமானது என்று அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையமும் குற்றஞ்சாட்டியது. 2025 ஜனவரியில், 20 மில்லியன் டாலர் செலுத்தவும், பெற்றோர் அனுமதியின்றி 16 வயதுக்குட்பட்டோருக்கு இத்தகைய குலுக்கலை விற்காமலிருக்கவும் நிறுவனம் இணங்கியது. பெல்ஜியமோ 2018லேயே இதுபோன்ற சில கட்டணக் குலுக்கல்களைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டது.

அதே பெல்ஜியத்தைச் சேர்ந்த லாரியன் நிறுவனம் 2023ல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டில் குலுக்கலும் இல்லை, கடையும் இல்லை. அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு விருதையும் அது வென்றது. ஆனால் இதைக் காட்டி எல்லா நிறுவனங்களையும் திட்டுவது சரியல்ல. முழுமையடையாத விளையாட்டையே 2020 முதல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முழு விலைக்கு விற்றுத்தான் லாரியனும் தாக்குப்பிடித்தது. நல்ல விளையாட்டுக்கு யாராவது ஒருவர் பணம் கொடுத்துத்தான் ஆகவேண்டும். லாரியன் எல்லாரிடமும் ஒரே விலையை முன்கூட்டியே கேட்டது. கென்ஷினில் நான் இலவசமாக ரசிக்கும் மலைகளுக்கும் இசைக்கும், குலுக்கலை நிறுத்த முடியாத யாரோ பணம் கட்டுகிறார்கள். அவர் உயர்நிலைப் பள்ளி மாணவராகவும் இருக்கலாம். தரமான விளையாட்டு என்று புகழும்போது எனக்கு உறுத்துவது அதுதான்.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் தம்பியிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். "அக்கா, இந்தக் காசுக்கு ரெண்டு புது கேம் வாங்கலாமே!" என்றான். சொல்லிவிட்டு, அன்றைய இலவசப் பிரிமோஜெம்களை வாங்கத் திறன்பேசியை எடுத்தான்.