19 லட்சம் டாலர் காவல்காரர்!

ஒரு கல்லூரிக் கால்பந்து கோஷ்டி. அதற்கு ஒரு துணைப் பயிற்சியாளர் தேவைப்பட்டார். எதிரி பந்தோடு புகுந்துவிடாமல் தடுப்பது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்லித் தரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

சம்பளம் எவ்வளவு தெரியுமா?

ஆண்டுக்கு 19 லட்சம் டாலர்! அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏறத்தாழ 14 கோடி ரூபாய்!

இது நடந்தது 2021-ம் ஆண்டு டிசம்பரில். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் தலைநகரம் கொலம்பஸ். அங்கே உள்ள ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகம்தான் இவ்வளவு பணத்தை அள்ளிக் கொடுத்தது. வாங்கியவர் பெயர் ஜிம் நோல்ஸ்.

கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்ததா? கிடைத்தது. ஆனால், எதற்காகக் கொடுத்தார்களோ அது கிடைக்கவில்லை!

இது என்ன புதிர் என்கிறீர்களா? மேலே படியுங்கள்.

கையால் ஆடும் கால்பந்து

அமெரிக்கக் கால்பந்து வேறு. நம் ஊர்க் கால்பந்து வேறு. அங்கே பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். கையால் வீசி எறிவார்கள். காலால் உதைப்பது எப்போதாவதுதான்!

மைதானத்தின் நீளம் 100 கெஜம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் கோஷ்டிக்கு 4 வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் 6 புள்ளி.

நம் சடுகுடுவில் பாடிப் போகிறவனே திரும்பி வந்து பிடிக்கவும் நிற்பான். அங்கே அப்படி இல்லை. தாக்குவதற்கு ஒரு 11 பேர். தடுப்பதற்கு வேறு 11 பேர். பந்து கை மாறியதும் ஆட்களும் மாறிவிடுவார்கள்.

ஆகவே பயிற்சியாளர்களும் தனித் தனி. எல்லோருக்கும் மேலே தலைமைப் பயிற்சியாளர். அவருக்குக் கீழே தாக்கும் பிரிவுக்கு ஒருவர், தடுக்கும் பிரிவுக்கு ஒருவர். தடுக்கும் பிரிவின் தலைவரை "டிபென்சிவ் கோ-ஆர்டினேட்டர்" என்று அழைக்கிறார்கள். நாம் "தடுப்புத் தளபதி" என்று வைத்துக்கொள்வோம்.

இவர் வேலை லேசானது அல்ல. வாரம் முழுவதும் எதிரி கோஷ்டியின் பழைய ஆட்டங்களைப் படம் போட்டுப் பார்க்க வேண்டும். "இந்த இடத்தில் இவன் ஓடுவான், அந்த இடத்தில் இவன் எறிவான்" என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆட்ட நாளில், ஒவ்வொரு தடவையும் யார் எங்கே நிற்பது என்று கட்டளை கொடுக்க வேண்டும். யோசிக்கக் கிடைப்பது சில விநாடிகளே!

முன்பெல்லாம் கட்டளை கை ஜாடையில் போகும். 2024-ம் ஆண்டு முதல் பெரிய கல்லூரிகளுக்கு ஒரு வசதி கிடைத்தது. களத்தில் நிற்கும் ஓர் ஆட்டக்காரரின் தலைக்கவசத்துக்குள் சின்ன ரேடியோ வைத்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் சொல்வது அவர் காதில் விழும்.

எம் எழுத்துக்குத் தடை!

ஓஹியோ ஸ்டேட் கோஷ்டிக்கு ஒரு பரம வைரி உண்டு. அடுத்த மாநிலத்து மிச்சிகன் பல்கலைக்கழகம்தான் அது. 1897-ம் ஆண்டில் இருவரும் முதன்முதலாக மோதினார்கள். நவம்பர் மாதக் கடைசியில் இவர்கள் மோதும் சனிக்கிழமை, கொலம்பஸ் நகரத்துக்குத் திருவிழா மாதிரி.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்த்தால் சிரிப்பு வரும். பெயர்ப் பலகைகளில் "எம்" என்ற ஆங்கில எழுத்து வரும் இடத்தில் எல்லாம் சிவப்புப் பட்டையால் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். மிச்சிகனின் முதல் எழுத்து அல்லவா!

2012 முதல் 2019 வரை 8 ஆண்டுகள் வரிசையாக ஓஹியோ ஸ்டேட்டே ஜெயித்தது. 2020-ல் கொரோனா காரணமாகப் பந்தயம் நடக்கவில்லை.

2021 நவம்பர் 27. பனி கொட்டிக்கொண்டிருந்தது. மிச்சிகன் மைதானத்தில் பந்தயம். மிச்சிகன் ஆட்டக்காரர் ஹசன் ஹாஸ்கின்ஸ் பந்தை இடுக்கிக்கொண்டு ஓஹியோ தடுப்பை உடைத்துப் புகுந்தார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை அல்ல, ஐந்து தடவை! 42-27 என்ற கணக்கில் மிச்சிகன் வென்றது.

அந்த ஆண்டு ஓஹியோ ஸ்டேட்டின் தாக்கும் பிரிவு நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தது. பந்தயத்துக்குச் சராசரி 45 புள்ளிக்கு மேல். ஆனால் என்ன பயன்? முன்வாசலில் நெல் வந்து இறங்கினாலும், பின்வாசல் திறந்து கிடந்தால் குதிர் நிறையுமா?

ஆள் கிடைத்தார்

தலைமைப் பயிற்சியாளர் ரயன் டே, தாக்கும் ஆட்டத்தில் கெட்டிக்காரர். தடுக்கும் பிரிவை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் தேவை என்று அவர் முடிவு செய்தார். தோல்வி நடந்து இரண்டு வாரம் ஆவதற்குள் நோல்ஸை அமர்த்தினார்கள்.

நோல்ஸ் பிலடெல்பியா நகரத்துக்காரர். புகழ்பெற்ற கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கேயே தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தார். பிறகு டியூக், ஓக்லஹோமா ஸ்டேட் ஆகிய பல்கலைக்கழகங்களில் தடுப்புத் தளபதியாக வேலை பார்த்தார்.

ஓக்லஹோமாவில் அவர் கதையைக் கவனியுங்கள். 2018-ல் அங்கே போனார். முதல் ஆண்டில் எதிரிகள் புள்ளிகளை வாரிக்கொண்டு போனார்கள். நான்காம் ஆண்டான 2021-ல் அதே கோஷ்டி நாட்டின் தலைசிறந்த தடுப்புக் கோஷ்டிகளுள் ஒன்றாகிவிட்டது. அந்த நான்காம் ஆண்டைப் பார்த்துத்தான் ஓஹியோ ஸ்டேட் 19 லட்சம் டாலரை நீட்டியது. முதல் ஆண்டை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை!

இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? கொலம்பஸ் மைதானத்தில் 1 லட்சத்து 2 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். டிக்கெட் பணம் ஒரு பக்கம். டெலிவிஷன் கம்பெனிகள் கொடுக்கும் பணம் இன்னொரு பக்கம். களத்தில் அடிபடும் மாணவர்கள் தம் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கக்கூட 2021 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது.

நான்கு ஓட்டை

2022-ம் ஆண்டு. ஓஹியோ ஸ்டேட் 11 பந்தயம் ஆடி 11-லும் வெற்றி. நவம்பர் 26-ல் மிச்சிகன் கோஷ்டி கொலம்பஸ் நகரத்துக்கு வந்தது. இந்த ஒரு நாளுக்காகத்தானே நோல்ஸை அழைத்து வந்தார்கள்!

பாதி ஆட்டத்தில் ஓஹியோ ஸ்டேட் 20-17 என்று முன்னணியில் நின்றது. ஆனால் முடிவு விபரீதம்.

நோல்ஸ் துணிச்சல்காரர். பின்னால் காவல் நிற்கும் ஆட்களையும் முன்னே ஏவி, எதிரியைத் திணற அடிப்பது அவருடைய வழக்கம். பலித்தால் எதிரி திக்குமுக்காடுவான். பலிக்காவிட்டால்? பின்னால் ஆளே இருக்காது!

அன்று பலிக்கவில்லை. மிச்சிகன் 69 கெஜ தூரத்தில் இருந்து ஒரு தடவை கோட்டைத் தாண்டியது. 75 கெஜத்தில் இருந்து இரண்டு தடவை. 85 கெஜத்தில் இருந்து ஒரு தடவை. நான்கு ஓட்டை, நான்கிலும் வெள்ளம் புகுந்தது. முடிவு 45-23. 2000-க்குப் பிறகு கொலம்பஸ் மண்ணில் மிச்சிகன் ஜெயித்தது அதுவே முதல் தடவை.

அதோடு விட்டதா? டிசம்பர் 31-ல் ஜார்ஜியா கோஷ்டியோடு பெரிய பந்தயம். கடைசிக் கால் பகுதியில் 14 புள்ளி முன்னணியில் இருந்த ஓஹியோ ஸ்டேட், 42-41 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றது.

"19 லட்சம் வாங்கிக்கொண்டு இதுதான் லட்சணமா?" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கொதிப்பதற்கு நியாயமும் இருந்தது.

பதறாத காரியம்

இங்கேதான் தலைமைப் பயிற்சியாளர் டே நிதானம் காட்டினார். நோல்ஸை வெளியே அனுப்பவில்லை. இன்னோர் ஆண்டு கொடுத்தார்.

நோல்ஸும் பிடிவாதம் பிடிக்கவில்லை. துணிச்சலைக் குறைத்தார். "முதலில் பின்வாசலைப் பூட்டு, பிறகு முன்னே பாய்" என்று ஆட்டத்தை மாற்றினார்.

கணக்கைப் பாருங்கள். நோல்ஸ் வருவதற்கு முந்தைய ஆண்டில் எதிரிகள் பந்தயத்துக்குச் சராசரி 22.8 புள்ளி எடுத்தார்கள். அவருடைய முதல் ஆண்டில் 21. பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் ஆண்டான 2023-ல் 11.2! ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது.

2024-ல் 12.9. அந்த ஆண்டு நாடு முழுவதும் பார்த்தால் அதுவே மிகக் குறைவு. ஜாக் சாயர் போன்ற மூத்த ஆட்டக்காரர்கள், பணம் கொழிக்கும் தொழில் கோஷ்டிகளுக்கு உடனே போகாமல் இன்னோர் ஆண்டு கல்லூரியிலேயே தங்கினார்கள். அலபாமாவில் இருந்து காலெப் டவுன்ஸ் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். தளபதி மட்டும் நன்றாக இருந்தால் போதுமா? படையும் வேண்டும் அல்லவா!

ஆனால் மிச்சிகன்? 2023-ல் 30-24 என்று தோல்வி. 2024-ல் 13-10 என்று தோல்வி. எதிரிக்கு 13 புள்ளிதான் விட்டார் நோல்ஸ். அன்று தாக்கும் பிரிவு படுத்துவிட்டது. மூன்று ஆண்டில் மூன்று தோல்வி. எதற்காக வந்தாரோ அது மட்டும் அவர் கைக்கு எட்டவே இல்லை.

ஒரு கெஜம்!

மிச்சிகனிடம் தோற்றாலும், நாட்டின் சாம்பியன் பட்டத்துக்கான 12 கோஷ்டிகளில் ஓஹியோ ஸ்டேட்டுக்கு இடம் கிடைத்தது. டென்னசியை வென்றது. ஓரிகானை வென்றது. 2025 ஜனவரி 10-ல் அரை இறுதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சந்தித்தது.

ஓஹியோ ஸ்டேட் 21, டெக்சாஸ் 14. ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்களே. பந்து டெக்சாஸ் கையில். கோட்டுக்கு இன்னும் ஒரே ஒரு கெஜம். கையில் 4 வாய்ப்பு!

முதல் வாய்ப்பு: நேராக மோதினார்கள். சுவர் அசையவில்லை.

இரண்டாம் வாய்ப்பு: பக்கவாட்டில் ஓடப் பார்த்தார்கள். முன்னே போகாததோடு, 7 கெஜம் பின்னே தள்ளப்பட்டார்கள்!

மூன்றாம் வாய்ப்பு: எறிந்த பந்து யார் கையிலும் சிக்கவில்லை.

நான்காம் வாய்ப்பு: டெக்சாஸ் தலைவர் குவின் ஈவர்ஸ் பந்தை எறியக் கையை ஓங்கினார். பாய்ந்து வந்த ஜாக் சாயர் ஓங்கி ஒரு அடி! பந்து நழுவியது. அதை சாயரே பிடித்தார். ஓடினார், ஓடினார், 83 கெஜம் ஓடி மறுகோட்டைத் தாண்டினார்!

இதில் ஓர் அதிசயம். ஈவர்ஸ் முன்பு ஓஹியோ ஸ்டேட்டில் இருந்தவர். அப்போது அவரோடு ஒரே அறையில் தங்கி இருந்தவர் இந்த சாயர்தான்!

28-14 என்று அரை இறுதி முடிந்தது. ஜனவரி 20-ல் அட்லாண்டா நகரத்தில் நோட்ரடாம் கோஷ்டியை 34-23 என்று வென்று, 10 ஆண்டுகளுக்குப் பிறகு ஓஹியோ ஸ்டேட் பட்டம் சூடியது.

மாலை வாடும் முன்னே

பட்டம் கிடைத்து ஒரு வாரம்கூடக் கடந்திருக்காது. நோல்ஸ் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. சொந்த மாநிலம். சம்பளம் ஆண்டுக்கு 31 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின.

அங்கே என்ன நடந்தது? அதே பழைய கதை! முதல் ஆண்டிலேயே தடுமாற்றம். 2025 அக்டோபரில், அந்தப் பருவத்தில் அதுவரை ஒரு பந்தயத்திலும் ஜெயிக்காத கலிபோர்னியா கோஷ்டி ஒன்று பென் ஸ்டேட்டுக்கு எதிராக 42 புள்ளி குவித்துவிட்டது. அதே மாதம் பென் ஸ்டேட் தலைமைப் பயிற்சியாளரே நீக்கப்பட்டார். நோல்ஸும் அந்த ஓர் ஆண்டோடு வெளியேறினார்.

ஓக்லஹோமாவிலும் ஓஹியோவிலும் அவருக்கு இரண்டாம் ஆண்டு கிடைத்தது. பென் ஸ்டேட்டில் கிடைக்கவில்லை. வித்தியாசம் அதுதான்.

அப்படியானால் புது ஆள் எல்லோருக்கும் முதல் ஆண்டு சறுக்குமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. நோல்ஸின் இடத்துக்கு ஓஹியோ ஸ்டேட் மேட் பாட்ரீசியா என்பவரை அழைத்து வந்தது. விமானப் பொறியியல் படித்தவர். தொழில் கோஷ்டிகளில் பல ஆண்டு பழகியவர். பட்டம் வென்ற தடுப்புக் கோஷ்டியில் 8 முக்கிய ஆட்டக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். அப்படியும் 2025 நவம்பரில் மிச்சிகனை 27-9 என்று அடக்கிவிட்டார், முதல் ஆண்டிலேயே! நோல்ஸ் மூன்று ஆண்டு தவம் கிடந்தும் கிடைக்காத கனி, பாட்ரீசியா வந்ததும் மடியில் விழுந்தது.

ஆளை அமர்த்துவது என்பது விதை வாங்குவது போல. நல்ல விதை என்று விலை கொடுத்து வாங்கலாம். இந்த மண்ணில் எப்போது முளைக்கும் என்று கடைக்காரர் எழுதிக் கொடுக்க மாட்டார்.

2022 டிசம்பர் 31 இரவில் ரசிகர்களின் கூச்சலுக்கு டே காது கொடுத்திருந்தால், அந்த ஒரு கெஜக் காவலும் இல்லை, பட்டமும் இல்லை. 19 லட்சம் டாலரோடு இன்னோர் ஆண்டையும் சேர்த்துக் கொடுத்ததால்தான் கொலம்பஸ் நகரத்துக்கு அது கிடைத்தது.