மருத்துவர் ஒருவர் துணைவேந்தரானார்

நல்ல மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்து எழுதிவிடுவதில்லை. காய்ச்சல் எத்தனை நாளாக உள்ளது, உணவும் உறக்கமும் எவ்வாறு உள்ளன என்று கேட்கிறார். கண்டவற்றை நாள்தோறும் குறித்து வைக்கிறார். அதன் பின்னரே முடிவுக்கு வருகிறார். இத்தகைய பயிற்சி பெற்ற ஒருவர் கல்வித்துறைக்கு வந்தால் என்ன நிகழும்? ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாரின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது.

இவர் 1887ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள கர்நூலில், தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். உங்களுள் பலரைப் போலவே இவருக்கும் வீட்டுமொழி வேறு, ஊர்மொழி வேறு. இவருடன் இரட்டையராகப் பிறந்த அண்ணன் இராமசாமி முதலியார், பிற்காலத்தில் மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விளங்கினார். பள்ளிக் கல்விக்குப் பின், 1903இல் சகோதரர் இருவரும் சென்னைக்கு வந்தனர்.

சென்னையில் மருத்துவம் பயின்ற இலட்சுமணசாமி, மகப்பேறு மருத்துவத்தில் வல்லுநரானார். பேற்றின்போது தாய்மார் பலர் உயிரிழந்த காலம் அது. தாயையும் சேயையும் காக்கும் கலையை அவர் மாணவர்களுக்குக் கற்பித்தார். மகப்பேறு மருத்துவம் பற்றி அவர் எழுதிய பாடநூல், முதலியார்–மேனன் நூல் என்னும் பெயரில் பல பதிப்புகளைக் கண்டது. 1939இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

1942இல் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பல்கலைக்கழகத்தின் அன்றாடப் பணிகளை வழிநடத்தும் பொறுப்பு துணைவேந்தருடையது. அப்பொறுப்பை அவர் 1969 வரை 27 ஆண்டுகள் வகித்தார். 1857இல் தொடங்கப்பட்டபோது, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அப்பல்கலைக்கழகத்தின் முதன்மைப் பணியாக இருந்தது. அது புதிய அறிவைத் தேடும் இடமாகவும் வளர வேண்டும் என்று முதலியார் விரும்பினார். அழகப்பச் செட்டியாரின் நன்கொடையைக் கொண்டு 1944இல் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று உருவானது.

1952இல் இயற்பியல் துறைக்குத் தலைவர் ஒருவர் தேவைப்பட்டார். முதலியார் சர் சி. வி. இராமனை அழைத்தார். இராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவர் ஜி. என். இராமச்சந்திரனின் பெயரைக் கூறினார். அப்போது இராமச்சந்திரனுக்கு வயது ஏறத்தாழ முப்பதுதான். எனினும், முதலியார் அந்த இளைஞரிடம் துறையை ஒப்படைத்தார். இரண்டே ஆண்டுகளில், இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பைப் பற்றி உலகம் வியந்த ஒரு விளக்கத்தை வெளியிட்டனர். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் அப்புரதம், மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது என்பதே அவ்விளக்கம். வயதைப் பாராமல் திறமையைப் பார்த்த முடிவு நற்பயன் தந்தது.

அதே 1952இல் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கு முதலியார் தலைவரானார். அக்குழு 1953இல் தன் அறிக்கையை அளித்தது. இடைநிலைப் பள்ளியில் பொதுவாகத் தாய்மொழியோ வட்டார மொழியோ பயிற்றுமொழியாக இருக்க வேண்டும். பள்ளிகளில் நல்ல நூலகம் அமைய வேண்டும். பொதுத்தேர்வுகளைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரின் வளர்ச்சியையும் பள்ளி தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு குறிப்பேடு உண்டு அன்றோ? அதனை இப்பரிந்துரை நினைவூட்டுகிறது. ஒரு நாள் காய்ச்சலைக் கொண்டு ஒருவரின் உடல்நலம் முழுவதையும் மதிப்பிட இயலாது. அவ்வாறே, ஒரு நாள் தேர்வைக் கொண்டு ஒரு மாணவரின் ஆற்றல் முழுவதையும் அளந்துவிட இயலாது.

கல்விப் பணியில் ஈடுபட்ட போதும் முதலியார் மருத்துவத்தை மறக்கவில்லை. 1961இல் புதுதில்லியில் நடைபெற்ற உலக சுகாதாரப் பேரவைக்கு அவரே தலைமை தாங்கினார். 1963இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். 1974இல் மறைந்தார். சென்னைத் தரமணியில், மருத்துவத்தின் அடிப்படை அறிவியலைக் கற்பிக்கும் பல்கலைக்கழக நிலையம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் நேசித்த இரு துறைகளும் அங்கே ஒன்றாகச் சேர்ந்துள்ளன.

சிந்தித்து விடை எழுதுக

1. இராமச்சந்திரனைத் துறைத் தலைவராக்கிய முடிவு முதலியாரின் எப்பண்பைக் காட்டுகிறது?
2. நோயாளியின் குறிப்பேட்டுக்கும் மாணவரின் வளர்ச்சிப் பதிவுக்கும் உள்ள ஒற்றுமை யாது?
3. உம் திறமைகளுள் மதிப்பெண்ணால் அளக்க இயலாத ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.