கைக்குள் ஒரு கடைத்தெரு



தீபாவளி நெருங்கினால் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு பினாங்குக்குப் புறப்படுகிறோம். 'பிட் ஸ்திரீட்' என்று நம் பெரியவர்கள் சொல்லிப் பழகிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வழியே நடந்து, பக்கத்திலுள்ள லிட்டில் இந்தியாவில் துணிமணி வாங்குகிறோம். 200 ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டவரும் வந்து போகும் இடம் அது. அங்கே 14 வயது மகளை முன்பின் தெரியாத ஒருவரோடு நிற்கவிட்டு நாம் புடவை பார்க்கப் போவோமா? ஒருபோதும் போக மாட்டோம்.

ஆனால், விடியுமுன் நாம் பெரட்டுக்குக் கிளம்பிய பிறகு, அதே மகள் கைப்பேசியைத் திறக்கிறாள். அதற்குள் இருப்பது இதைவிடப் பெரிய கடைத்தெரு. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடத்துக்கென்று வாங்கிக் கொடுத்த கருவி அது. அதைக் குறை கூறிப் பயனில்லை. அந்தத் தெருவில் நடக்கும் முறையை நாம்தான் கற்றுத்தர வேண்டும்.

அங்கே கெடுதல் எப்படி வருகிறது? விளையாட்டிலோ டிக்டாக்கிலோ ஒருவன் பேச்சுக் கொடுக்கிறான். தனக்கும் 15 வயதுதான் என்கிறான். காட்டும் படமோ வேறொருவருடையது. "வீட்டில் திட்டினார்களா? என்னிடம் சொல்" என்று பரிவு காட்டுகிறான். பிறகு புலனத்துக்கு அழைக்கிறான். "இது நமக்குள் இருக்கட்டும்" என்கிறான். ஒருநாள் ஆடையில்லாத படம் கேட்கிறான். படம் போய்ச் சேர்ந்ததும் குரல் மாறுகிறது. "பணம் அனுப்பு, இல்லையேல் உன் அப்பாவுக்கே அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுகிறான். பையன்களும் இந்த வலையில் விழுகிறார்கள்.

அவன் எதை நம்பி மிரட்டுகிறான்? நம் கோபத்தை நம்பித்தான். பிள்ளை அவனைவிட நம்மையே அதிகம் அஞ்சும் என்பது அவனுக்குத் தெரியும். அந்த அச்சத்தை நாம் நீக்கிவிட்டால் அவன் கையில் ஆயுதமே இல்லை.

கப்பித்தான் கெலிங் சாலையில் நாணய மாற்றுக் கடைகள் உண்டு. யார் நீட்டினாலும் நோட்டைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அது அவமரியாதை அல்ல; தொழில் முறை. பிள்ளைகளும் அப்படியே பார்க்கட்டும். இரகசியம் காக்கச் சொல்கிறவன், படமோ பணமோ கேட்கிறவன், உடனே செய் என்று அவசரப்படுத்துகிறவன், இம்மூவரும் கள்ள நோட்டுகள்.

தவறு நடந்துவிட்டால் முதலில் பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்காதீர்கள். உரையாடலை அழிக்காதீர்கள், அதுவே சாட்சி. படத்தை உறவினருக்குக்கூட அனுப்பாதீர்கள், அதுவும் குற்றமாகும். கைப்பேசியோடு காவல் நிலையம் செல்லுங்கள். 15999 என்னும் 'தாலியான் காசே' எண்ணிலும் உதவி கேட்கலாம். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளையைத் தீய நோக்கத்தோடு பழகி வசப்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு.

வசைச் சொல்லும் கொல்லும். 2024 ஜூலையில், இணையத்தில் இழிவுபடுத்தப்பட்ட நம் சமூக ஆர்வலர் ஈஷா என்ற ராஜேஸ்வரி உயிரிழந்ததை நாடே அறியும். அதன்பின் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் பகடிவதைக்கெனத் தனிப் பிரிவுகள் நடப்பில் உள்ளன. வளர்ந்தவரையே வாட்டும் வசையை வளரும் பிள்ளை தனியே தாங்குமா?

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள். இன்றிரவு சோறு பரிமாறும்போது தோழமையோடு ஒரு வாக்குக் கொடுங்கள்: "என்ன நடந்தாலும் எங்களிடம் சொல். அடிக்க மாட்டோம், கைப்பேசியைப் பிடுங்க மாட்டோம்." பிள்ளை ஒருநாள் வந்து சொல்லும்போது அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். காவல் என்பது அதுதான்.