குறைமாதக் குழந்தையும் குடும்பத்தாரின் கடமையும்



பத்து மாதம் சுமந்து பெற வேண்டிய பிள்ளை ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ பிறந்துவிட்டால் வீடே கலங்கிப் போகிறது. பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள். தாய் வேறு வார்டில். தகப்பன் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே. "கோழிக்குஞ்சு மாதிரி இருக்கே, பிழைக்குமா?" என்று பாட்டிமார் அழுகிறார்கள். அங்கே என்ன நடக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதுதான் குறைமாதப் பிரசவம். உலகில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. இரத்தக் கொதிப்பு, சிறுநீரில் கிருமி, இரட்டைப் பிள்ளை எனக் காரணங்கள் பல. காரணமே தெரியாமல் பிறப்பதும் உண்டு. ஆகவே, "பப்பாளி தின்னா, கிரகணத்துல வெளியே போனா" என்று பெற்றவள்மேல் பழி போடாதீர்கள்.

ஒரு காலத்தில் பணமும் பதவியும்கூட இத்தகைய பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. 1963 ஆகஸ்டு 7-ஆம் நாள் அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பிறந்த ஆண் குழந்தை பேட்ரிக், ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தவன். எடை 2 கிலோவுக்குச் சற்று அதிகம். மூச்சுத் திணறி 39 மணி நேரத்தில் இறந்தான். இன்று அதே வாரத்தில், அதே எடையில் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நல்ல ஆஸ்பத்திரியில் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். எப்படி?

நம் நுரையீரலில் உள்ள சின்னஞ்சிறு காற்றுப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகாமல் வழவழப்பான ஒரு பொருள் காக்கிறது. குறைமாதப் பிள்ளையிடம் அது போதுமான அளவு ஊறியிருக்காது. 1972-இல் நியூசிலாந்து மருத்துவர்கள் லிகின்ஸ், ஹோவி இருவரும், பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஊசி போட்டால் வயிற்றிலுள்ள பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் தேறும் என்று காட்டினார்கள். 1980-இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த மருந்தைப் பிள்ளையின் மூச்சுக்குழாய் வழியே செலுத்திப் பலன் கண்டார்.

தாய்க்குப் போடும் ஊசி வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். அதனால்தான் நேரம் பொன்னானது என்கிறோம். 37 வாரத்துக்கு முன் பனிக்குடத்து நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, "சூட்டு வலி, விடிஞ்சா சரியாயிடும்" என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள். கிளினிக்கில் கொடுத்த கர்ப்பிணிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். தெப்ராவ் வட்டாரத்தாருக்கு மவுண்ட் ஆஸ்டினில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை இருக்கிறது. ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா மருத்துவமனை இருக்கிறது. பிறந்த பிறகு பிள்ளையை ஆம்புலன்சில் கொண்டுபோவதைவிட, தாயின் வயிற்றிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பது பத்திரம்.

தீவிரக் கவனிப்பு வார்டில் பிள்ளையைச் சுற்றி ஒயர்களும் குழாய்களும் இருக்கும். பார்த்துப் பயப்படாதீர்கள். பெட்டி உடம்புச் சூட்டைக் காக்கிறது. மூச்சுக்கு ஒரு குழாய். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு வரும்வரை பாலுக்கு ஒரு குழாய். மணி அடிக்கும்போதெல்லாம் ஆபத்து என்று பொருளல்ல. புரியாததை நர்சிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மருந்துக்கு நிகரானது தாய்ப்பால். குறைமாதப் பிள்ளையின் குடல் அழுகிப்போகும் கொடிய நோயை அது வெகுவாகத் தடுக்கிறது. முதலில் சுரக்கும் சீம்பால் ஒரு துளியானாலும் பிழிந்து கொடுங்கள். பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டாலும் இரவு பகலாக நாளைக்கு எட்டுத் தடவையாவது பால் எடுத்தால்தான் சுரப்பு நிற்காது. வீட்டில் எடுத்ததை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

"பிள்ளை பெத்தவ நாப்பது நாள் வெளிய போகக் கூடாது" என்பார்கள் பெரியவர்கள். பத்தியமும் ஓய்வும் நல்லதுதான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அம்மாவின் உடம்புச் சூடு தேவை. 1970-களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில், பெட்டிகள் போதாத ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைத்தார்கள். அதுவே "கங்காரு முறை" என்று உலகமெங்கும் பரவியது. டாக்டர் அனுமதித்தால் அப்பாவும் இப்படி அணைத்துக்கொள்ளலாம். பூச்சி மருந்தோ களைக்கொல்லியோ தெளித்துவிட்டு வந்தவர்கள் குளித்து, உடை மாற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தொட வேண்டும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போகக் கூடாது.

சட்டமும் உங்களுக்குத் துணை இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். மணமான தகப்பனுக்குச் சம்பளத்துடன் 7 நாள். அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். முந்திப் பிறந்ததால் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க முடியாவிட்டால், பிறந்தவுடன் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தெரிவித்தால் போதும். பிள்ளை இன்னும் வார்டில்தானே இருக்கு என்று பிறப்புப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். 60 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். திருமணச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கண்டம் உண்டு. 32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கோ, ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கோ கண்ணின் உட்புறத் திரையில் இரத்தக் குழாய்கள் கோணலாக வளரக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறந்த 4 முதல் 6 வாரத்தில் கண் டாக்டர் பார்த்தால் சிகிச்சை உண்டு. விட்டால் பார்வையே போய்விடலாம். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று இந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் நாலு மாதப் பிள்ளை செய்வதைத்தான் செய்யும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தாயைக் கலங்க வைக்காதீர்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நாட்களில் மூத்த பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள், மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுங்கள். அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய பெரிய வைத்தியம் அதுதான்!